நான் அடைக்க மறுக்கும் வேலிப் பொட்டு

அனுப்புநர்:
திருமதி நாகேஸ்வரி விக்னராஜா,
இல. 14, ஹெஸ்டர் வீதி,
நோபல் பார்க், மெல்பேர்ண்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
வீட்டுக் குழந்தைப் பராமரிப்புத் திட்டம்,
தென்கிழக்கு வட்டார அலுவலகம்.

பொருள்: 16.02.1979 ஆம் திகதிய தங்கள் கடிதம் தொடர்பானது. பக்கத்து வளவு நீச்சல் குளத்தைச் சுற்றி உடனே வேலி போடுவிக்கக் கோருவதும், என் வேலிப் பொட்டை அடைக்கும்படி தாங்கள் இட்ட கட்டளைக்கு நான் இணங்காத காரணத்தைக் கூறுவதும்.

மதிப்புக்குரிய ஐயா,

குடியேறியோர் தத்தம் மொழியிலேயே எழுதலாம், அலுவலகம் மொழிபெயர்த்துக்கொள்ளும் என்று தங்கள் கடிதங்களின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எனக்குச் சாமான் வாங்கவும், பிள்ளைகளைத் தாய்மாரிடம் ஒப்படைக்கவும் தெரியும், கோபப்படத் தெரியாது. கோபப்பட வெளிக்கிட்டால் ‘சொறி’, அதாவது மன்னியுங்கள், என்ற சொல்தான் முதலில் வாயில் வருகிறது. ஆகவே இதை மொழிபெயர்ப்பவர் தயவுசெய்து எதையும் மென்மையாக்க வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரத்துச் செய்த என் பராமரிப்பாளர் பதிவைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பதற்காக இந்த மனுவை எழுதவில்லை. ஒரு பிள்ளை மறுபடியும் அந்தத் தண்ணீரில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள் நான். 1974 இல் கணவருடன் இங்கு வந்தேன். 1977 தொடக்கம் தங்கள் திட்டத்தின் கீழ், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் நான்கு பேரைப் பகலில் என் வீட்டில் பார்த்து வந்தேன். அவர்களில் சிறியவள் எலேனி, வயது இரண்டரை. தாய் சோஃபியா கிரேக்கப் பெண், டாண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறார். எலேனி ஓரிடத்தில் இருக்கமாட்டாள். கதவு என்று ஒன்றைக் கண்டால் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். எங்கள் வீட்டுச் சொற்களில் அவளுக்குத் தெரிந்தது ‘அன்ரி’ (ஆன்டி) ஒன்றுதான், அதாவது நான்.

2. தங்கள் கடிதத்தில் என் மீது வைக்கப்பட்ட குற்றம் வேலிப் பொட்டு. அது என்னவென்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள வேலியில், ஆள் குனிந்து போய்வர ஒரு இடைவெளி விடுவோம். அதற்குப் பெயர்தான் பொட்டு. வீதியைச் சுற்றிப் போகாமல் பெண்கள் அதனூடாக அடுத்த வீட்டுக்குப் போய் வருவார்கள். அயலவர்கள் மனம் ஒத்து இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சண்டை வந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான். பக்கத்து வீட்டில் இருந்த ரோசா என்ற இத்தாலிய அம்மையாரின் முழுச் சம்மதத்துடன், 1976 இல் இரண்டு பலகைகளைக் கழற்றி அந்தப் பொட்டை வைத்தோம். அங்கிருந்து தக்காளி வந்தது, இங்கிருந்து தோசை போனது. இதை நான் எவரிடமும் ஒளிக்கவில்லை. 1977 இல் வந்த தங்கள் பரிசோதகர் அந்தப் பொட்டால் குனிந்து போய், ரோசாவிடம் கோப்பி குடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

3. சென்ற வருடம் ரோசா வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். வாங்கியவர் திரு. கென்ட். நவம்பரில் அவர் பின்வளவைத் தோண்டி நீச்சல் குளம் கட்டினார். ஒரு கரையில் படிகள், மறு கரையில் எட்டடி ஆழம். சுற்றி ஒரு முழ உயரத்துக்குக்கூட வேலி கிடையாது. கேட்டதற்கு, சட்டம் கேட்கவில்லையே என்றார். குளத்தில் தண்ணீர் நிரப்பிய அன்று மாலையே என் கணவர் விக்னராஜா ஒரு பெரிய தகரத்தைக் கொண்டுவந்து பொட்டை அடைத்தார். ஆறு ஆணி, இரண்டு குறுக்குச் சட்டம். ஒரு பெரிய ஆளாலும் அதை அசைக்க முடியாது.

4. இவ்வருடம் ஜனவரி 16 ஆம் திகதி தங்கள் பரிசோதகர் மிஸ் கார்லைல் தோட்டத்தைப் பார்வையிட வந்தார். ஏழு குறைகள் எழுதித் தந்தார். அம்மிக்கல்லைப் பின்வாசலிலிருந்து அகற்றவும். மிளகாய்க் கன்றுகளைப் பிடுங்கவும். உடுப்புக் காயப்போடும் கம்பத்தின் கைப்பிடியைக் கட்டி வைக்கவும். இப்படியே போயிற்று. எல்லாம் சரிதான், எதற்கும் நான் முகம் சுளிக்கவில்லை. குழாயடியில் ஒரு வாளியில் அரைவாசித் தண்ணீர் இருந்தது. அதை அவரே தன் கையால் கவிழ்த்து ஊற்றிவிட்டு, ஒரு பிள்ளை மூழ்குவதற்கு இரண்டு அங்குலத் தண்ணீர் போதும் என்று என்னை எச்சரித்தார். அது உண்மை. நான் அதை மறக்கவேயில்லை.

ஆறாவது குறை: “துருப்பிடித்த தகரம், ஓரங்கள் கூர்மை, அகற்றவும்.” தகரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். “உத்தியோகத்தர் சொன்னால் செய்யத்தான் வேணும், நீர் கதைக்காமல் இரும்” என்றார் என் கணவர். அவர் ஊரில் பன்னிரண்டு வருடம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். அரசாங்கக் கடதாசியில் எழுதியதை எதிர்த்து ஒரு சொல் சொல்லிப் பழக்கமில்லாதவர். அன்று நானும் வாயை மூடிக்கொண்டேன். இனி மூடுவதாக இல்லை.

5. அந்தச் சனிக்கிழமை தகரத்தைக் கழற்றினோம். அதற்குப் பதிலாக என் கணவர் பழைய கட்டில் சட்டங்களை அடித்து ஒரு படலை, அதாவது சிறு வேலிக் கதவு, செய்து பொட்டில் வைத்து நைலோன் கயிற்றால் கட்டினார். ஊரில் ஆடு மாடு வராமல் அப்படித்தான் கட்டுவோம். மாடு முடிச்சு அவிழ்க்காது, எலேனி அவிழ்ப்பாள். இந்த வித்தியாசம் இரண்டு படித்த மனிதர்களுக்கு விளங்கவில்லை. இது எங்கள் பிழை. இதை எங்கும் எழுதிக் கையொப்பம் வைக்க நான் தயார்.

ஆனால் 23 ஆம் திகதி மிஸ் கார்லைல் மீண்டும் வந்தபோது அந்தப் படலையை அவரே அவிழ்த்தார். பொட்டடியில் குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார். இந்த வெயிலுக்கு உங்கள் அயலவர் கொடுத்து வைத்தவர் என்றார். குளத்துக்கு ஏதும் செய்ய வேண்டாமா என்று நான் கேட்டேன். என் ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஆனால் கேட்டேன். அவர் படிவத்தைத் தட்டிக் காட்டி, இது உங்கள் வேலியோடு முடிந்துவிடுகிறது என்றார். பிறகு தோட்டம் பாதுகாப்பானது என்று சான்றிதழில் கையொப்பமிட்டுத் தந்தார். இரண்டு அங்குலத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிய அதே கைதான்.

6. பெப்ரவரி 7 ஆம் திகதி புதன்கிழமை. பதினொரு மணியிருக்கும், அனல் பறந்த நாள். பிள்ளைகள் நால்வரும் பின்வளவில் நிழலில் விளையாடினார்கள். ஒரு பிள்ளைக்கு மூக்கால் இரத்தம் வந்தது. குனிந்து ஈரத் துணி வைத்தேன். நிமிர்ந்தபோது மூன்று பிள்ளைகள்தான் நின்றார்கள். படலை சரிந்து கிடந்தது.

ஐயா, அந்தப் பொட்டால் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. சேலையின் பாதி ஆணியில் நின்றுவிட்டது. எலேனி முகம் குப்புறக் கிடந்தாள். மஞ்சள் சட்டை மட்டும் தண்ணீருக்கு மேலே உப்பிக்கொண்டு நின்றது. எனக்கு நீந்தத் தெரியாது. படிக்கரையால் இறங்கினேன், கழுத்தளவு தண்ணீர். சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டு, தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தேன். அவள் அழவில்லை. எத்தனை தரம் அடித்தேனோ தெரியாது. பிறகு வாயால் தண்ணீர் வந்தது, அதன் பிறகு அழுகை வந்தது. அதைவிட நல்ல சத்தம் என் ஆயுளில் நான் கேட்டதில்லை. அம்புலன்ஸ் வந்தது. அடுத்த நாள் அவளை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள்.

7. சோஃபியா வைத்தியசாலை விறாந்தையில் எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தார். அது நியாயம். அதே இடத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அதற்கு நான் தகுதியானவளா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் எலேனியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றபோது நான் திகைத்துப் போனேன். அதற்குள் பொட்டில் புதுப்பலகை அடித்திருந்தோம். அதை அவரே தள்ளிப் பார்த்துவிட்டு, பிள்ளையை என் கையில் தந்துவிட்டு வேலைக்குப் போனார்.

8. இதற்கிடையில் 8 ஆம் திகதியே மிஸ் கார்லைல் வந்திருந்தார். வேலியைத் திறந்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு வந்தது தங்கள் 16 ஆம் திகதிக் கடிதம். அதில் மூன்றே மூன்று செய்திகள். வேலியில் நானாகத் திறப்பு ஏற்படுத்தியமையால் பதிவு இரத்து. மார்ச் 2 ஆம் திகதிக்குள் அதை நிரந்தரமாக அடைத்து அறிவிக்க வேண்டும். பிள்ளைகள் வேறு பராமரிப்பாளரிடம் மாற்றப்படுவார்கள். கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். கழற்றச் சொன்ன தகரம் அதில் இல்லை. சான்றிதழ் இல்லை. அதிர்ச்சி என்று சொன்னால் அது சின்னச் சொல், ஐயா: அந்தக் கடிதத்தில் குளமே இல்லை. ஒரு பிள்ளை எதில் விழுந்து சாகப் பார்த்தது என்பதை ஒரு எழுத்தாலும் குறிப்பிடாமல் ஒரு முழுக் கடிதம் எழுத முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

9. ஆயினும் உண்மையான அதிர்ச்சி 20 ஆம் திகதிதான். குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது எலேனியின் குரல் கேட்டது. மனப்பிரமை என்று நினைத்தேன். பின்வளவுக்கு ஓடிப் போய்க் கேட்டேன், அவள்தான். தாங்கள் எலேனியை அனுப்பிய இடம் பின்வீதியில் உள்ள மிஸிஸ் டவ்னியின் வீடு. அந்த வீட்டுப் பின்வேலிக்கு அடுத்த பக்கம் திரு. கென்ட்டின் வளவு. அதே குளம், ஐயா. எட்டடி ஆழக் கரை அந்தப் பக்கம்தான். நாங்கள் அடித்த புதுப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மிஸிஸ் டவ்னியின் வேலியில் அடிப்பலகைகள் இரண்டு உக்கி விழுந்து, ஒரு பிள்ளை தவழ்ந்து வரும் அளவு இடம் கிடக்கிறது.

10. உடனே மிஸிஸ் டவ்னியிடம் ஓடினேன். அவர் நல்ல பெண்மணி. என்னை இருத்தித் தேநீர் தந்தார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். அதே மிஸ் கார்லைலின் கையொப்பம். வீடு வாடகை வீடு, சொந்தக்காரருக்கு எழுதியிருக்கிறேன் என்றார். நானே ஆணி அடிக்கிறேன் என்றேன். பதிவு இரத்தான ஒருவர் சொல்லித் தன் வேலியில் கை வைக்க விட அவருக்கு மனமில்லை. திரு. கென்ட் தன் வளவுக்குள் இனி எவரும் கால் வைக்கக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதாகக் கூறினார். தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். பதிவு இரத்துச் செய்யப்பட்டவர் மற்றொரு பராமரிப்பாளரின் இல்லம் பற்றி முறையிட முடியாது என்று மூன்றாம் முறை விளக்கப்பட்டது. சோஃபியா வேலையை விட்டால் வாடகைக்கு வழியில்லை. அவர் தினமும் அழுதுகொண்டே பிள்ளையை அங்கே விட்டுப் போகிறார்.

11. ஆகவே மார்ச் 2 ஆம் திகதிக்குள் பொட்டை அடைக்கும்படி தாங்கள் இட்ட கட்டளைக்கு நான் பணியமாட்டேன் என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன். பகலில் திரு. கென்ட் வீட்டில் இல்லை. மிஸிஸ் டவ்னிக்குக் கைக்குழந்தையும் உண்டு. நான் பொட்டை அடைத்தால் அந்தக் குளத்தைப் பார்க்க ஒரு கண்ணும் இருக்காது. கடந்த செவ்வாய் தொடக்கம், பிள்ளைகள் அங்கிருக்கும் நேரமெல்லாம் பொட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உணவும் அங்கேதான். மாலையில் என் கணவர் பலகையைத் திருப்பிப் பூட்டுவார். உத்தியோகத்தர் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசாத அந்த மனிதர், இந்த முறை கதிரையைத் தானே தூக்கி வந்து போட்டார்.

12. தங்களிடம் நான் கேட்பது: இம்மனு கிடைத்த அன்றே ஒரு உத்தியோகத்தரை அனுப்புங்கள். படிவம் வேண்டாம், கண் இருந்தால் போதும். மிஸிஸ் டவ்னியின் வேலியில் இரண்டு பலகை அடிக்கச் செய்யுங்கள். குளத்தைச் சுற்றி வேலி போடுவிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், அதிகாரம் உள்ளவர் யாரென்று எழுதுங்கள், அவருக்கும் எழுதுகிறேன். தங்கள் பரிசோதகர்கள் இனி வேலிக்கு அப்பாலும் எட்டிப் பார்க்கக் கட்டளையிடுங்கள். அதன் பிறகு என்னைத் தண்டிப்பதென்றால் தாராளமாகத் தண்டியுங்கள். பலகையும் ஆணியும் என் காலடியில் தயாராக இருக்கின்றன. குளத்துக்கு வேலி வந்த அன்றே பொட்டு மூடப்படும்.

தங்கள் வரவைப் பொட்டடியிலிருந்து பார்த்திருக்கும்,

நாகேஸ்வரி விக்னராஜா

இடம்: பின்வளவு வேலிப் பொட்டடி, இல. 14, ஹெஸ்டர் வீதி, நோபல் பார்க்.
திகதி: 26.02.1979, திங்கட்கிழமை, முற்பகல் 11 மணி.

இணைப்பு: 16.01.1979 ஆம் திகதிய குறைகள் பட்டியல் (ஆறாம் இலக்கத்தின் கீழ் கோடிட்டுள்ளேன்), 23.01.1979 ஆம் திகதிய சான்றிதழ்.

பி.கு.: மேலே கையொப்பமிட்ட பின் இதை எழுதுகிறேன். சற்று முன்பு எலேனி அந்த உக்கிய பலகைக்குள்ளால் தலையை நீட்டினாள். குளத்துக்கு இந்தப் பக்கம் நான் இருப்பதைக் கண்டுவிட்டு, “அன்ரி” என்று கூப்பிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். மிஸிஸ் டவ்னி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதிரையை இப்போது வேலியோரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறேன். என் கண்ணுக்கு அவள் தெரிய வேண்டும், அவள் கண்ணுக்கு நான் தெரியக்கூடாது; கண்டால் என்னிடம் வரக் குளத்துக்குள்தான் இறங்குவாள். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கிறேன். தயவுசெய்து இன்றே வாருங்கள்.