காலமைக் குளிருக்குப் பஞ்சிப்படும் கார்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் கார் அசையவில்லை. கியரை ‘டி’யில் போட்டுவிட்டு ஆறு நிமிடம் இந்த நாட்டு ஜூன் மாதக் குளிருக்குள் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பிறகு யாரோ பின்னால் உதைத்ததுபோல் ஒரு குலுக்கு. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. ஏவன்டேலில் இருந்து மங்கரேக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் அந்தக் கிச்சனில் பதினேழு வருடமாகப் பிந்தாதவள் நான். மேற்பார்வைக்காரி சிரித்துக்கொண்டுதான் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆனாலும் பார்த்தாள்.

பின்னேரம் கராஜில் காட்டினேன். கியர்பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிவிட்டனவாம். இருபத்தொரு வயதுக் கார், இறுகாதா? குளிரில் எண்ணெயும் தடித்துப்போகும், கியர் பிடிக்காது. சூடானதும் பிடித்துக்கொள்ளும். திருத்தப்போனால் காரின் விலையை விடக் கூட வரும், கழித்துவிடு என்றார் கராஜ்காரர். ரோட்டில் ஓடத் தகுதி என்று போன மாதம் வோறன்ட் சோதனை பாஸ் பண்ணிய காராயிற்றே என்று கேட்டேன். வோறன்ட்டுக்கு கியர்பெட்டியை யார் பார்க்கிறார்கள் என்றார்.

ஜூன் 12, வியாழன்

புதுக் காருக்கு ஓம் என்று சொல்லியாகிவிட்டது. பழையதைத் தமிழ் ஆட்களின் வாட்ஸப் குழுவில் விற்பனைக்குப் போட்டேன். குறையையும் எழுதவா என்று இவரைக் கேட்டேன். “கேட்டாச் சொல்லு, கேக்காட்டி விடு” என்றார். பஸ் ஓட்டுகிற மனிசன், எதற்கும் அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் பதில் சொல்லி முடித்துவிடுவார்.

நான் எழுதவில்லை.

ஜூன் 14, சனி

கார் போய்விட்டது.

வாங்கியவள் பெயர் தாரிணி. மதுரைப் பக்கத்துப் பிள்ளை, இருபத்தாறு வயதுதான் இருக்கும். நியூ லின்னில் ஒரு அறையில் இருக்கிறாள். மங்கரேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து வந்தவள். முதல் தொண்ணூறு நாள் சோதனைக் காலமாம். அதற்குள் அவர்கள் வேண்டாம் என்றால் வேலை போய்விடும், அந்த வேலையில் தொங்குகிற விசாவும் போய்விடும். காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும், பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போக முடியவில்லை, அதற்குத்தான் கார் என்று தேத்தண்ணி குடித்தபடி அவளே எல்லாம் சொன்னாள்.

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் ஒன்பதரைக்கே காரை எடுத்து, மெயின் ரோட்டில் இரண்டு சுற்று ஓடி, நன்றாகச் சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏன்? எழுது யோகராணி, ஏன்?

அவள் ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய்போல் ஓடியது. இறங்கும்போது, “வண்டில ஏதாச்சும் பிரச்சினை இருக்காக்கா?” என்று கேட்டே விட்டாள்.

கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா? சொன்னேன். “காலமைக் குளிருக்குக் கொஞ்சம் பஞ்சிப்படும்” என்றேன்.

அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். “பஞ்சுதானேக்கா, பரவால்ல. கவர் போட்டுக்கிறேன்.”

எங்கள் பஞ்சி அவளுக்கு எப்படித் தெரியும்? சோம்பல் என்று சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும். சோம்பல் என்ற சொல் எனக்குத் தெரியாதா? பதினேழு வருடமாகச் சென்னைக்காரிகளோடு நின்று வேலை செய்கிறவள், எந்தச் சொல் அவர்களுக்குப் பிடிபடும், எது பிடிபடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். திருத்தாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். டயருக்குக் கீழே வைக்க வளவுத் தேசிக்காய் நாலு பறித்துக் கொடுத்ததும் நான்தான்.

ஜூன் 15, ஞாயிறு

சொன்னேன்தானே. சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

தாரிணி போன் எடுத்தாள். குளிர் காலையில் கார் உடனே கிளம்பவில்லையாம். “ஊர்ல கியர் வண்டிதான் ஓட்டிருக்கேன். ஆட்டோமேட்டிக்னா தானா யோசிச்சுத்தான் கிளம்பும்போலன்னு நெனைச்சேன்க்கா” என்றாள். பத்து நாளாக அப்படி நினைத்துக்கொண்டு காருக்குள் காத்திருந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் சூடாக விட்டுவிட்டு எடுங்கோ என்று, பெரிய உபகாரம்போல் சொல்லிக்கொடுத்தேன். நாலு தரம் தேங்க்ஸ் சொன்னாள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் தாரிணி வீட்டு வாசலில் இருந்து ரிவர்ஸில் ரோட்டுக்கு இறங்கியிருக்கிறாள். ‘டி’யில் போட்டால் கார் நகரவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே நிற்கிறாள், ஒரு லொறி வருகிறது. லொறிக்காரன் பிரேக் அடித்ததால் தப்பினாள். வேலைக்கு மூன்றாம் தரம் பிந்திவிட்டது. இனியும் பிந்தினால் வரவேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்களாம்.

போன் எடுத்து இதைச் சொன்னவள் என்னை ஏசவில்லை. அழுதுகொண்டு, “உங்க காரை நான் கெடுத்துட்டேன்க்கா. ஓட்டத் தெரியாம ஓட்டி...” என்றாள்.

நான் என்ன சொன்னேன்? கவலைப்படாதேங்கோ என்று சொன்னேன்.

லொறி நிக்காட்டி? ஐயோ, நிக்காட்டி என்ன செய்திருப்பன் நான்? அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு ஆர் பதில் சொல்லுறது? வாயைத் திறந்து சொல்லன். சொன்னா என்ன, தலையா போகும்?

சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

திரும்பவும் போன். காரைக் கராஜுக்குக் கொண்டுபோனாளாம். அங்கே என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. “உங்ககிட்ட இருந்தப்போ நல்லாத்தானே ஓடுச்சுக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

ஓம் என்றேன்.

“சரிக்கா” என்று போனை வைத்தாள்.

ஜூலை 5, சனி

தாரிணி இரண்டு தரம் எடுத்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கத்தரிக்காய் வெட்டினேன். சாப்பிடும்போது இவர் கேட்டார், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அவருக்குத் தலையிடி என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். தனியாகத்தான் போனேன். அவள் அறையில் ஒரு கதிரைதான் இருந்தது. அதை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள். கராஜ்காரர் சொன்னது, அவள் வருவதற்கு முன் சூடாக்கி வைத்தது, பஞ்சி, வியாழக்கிழமை சொன்ன ஓம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்து விரிப்பைத்தான் பார்த்தேன்.

“தெரியும்க்கா” என்றாள்.

கராஜில் அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம், ஒரு குளிர்காலம் இதை ஓட்டினவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்று. முதியோர் இல்லத்தில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் பஞ்சி என்றால் என்ன என்றும் கேட்டிருக்கிறாள்.

“நீங்களா சொல்லிருவீங்கன்னுதான் திரும்பத் திரும்பப் போன் பண்ணேன்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள்.

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், காரை நாங்களே வந்து எடுக்கிறோம் என்றேன். நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவீங்கள் என்று கேட்டேன். போனில் பஸ் நேரம் பார்க்கத் தொடங்கினாள். நானும் ஏழு மணிக்கு மங்கரேயில் நிற்கிறவள்தான், உங்கள் வாசலால்தான் போவேன் என்று பொய் சொன்னேன். நியூ லின் என் வழியே இல்லை. அது அவளுக்கும் தெரியும். “நேரத்துக்குப் போகணும்க்கா. அதுக்காக வர்றேன்” என்றாள்.

ஜூலை 7, திங்கள்

ஆறு இருபதுக்குப் போனேன். வாசலில் நின்றாள். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க இறக்கிவிட்டேன்.

ஜூலை 12, சனி

பழைய கார் எங்கள் வளவில்தான் நிற்கிறது. இன்னொருவன் கேட்கிறான், கொடுப்பமோ என்றார் இவர். நான் பழைய கார் உடைக்கிற இடத்துக்குப் போன் எடுத்தேன். திங்கள் வந்து இழுத்துக்கொண்டு போவார்களாம். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, காருக்குள் கிடந்த குடையை எடுத்து வந்தார்.

ஜூலை 23, புதன்

காய்ச்சல். ஆனாலும் தாரிணியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் படுத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தொண்ணூறு நாள் முடிந்துவிட்டது, வேலை உறுதி என்று தாரிணி இறங்கும்போது சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கும் வரவா என்று கேட்டேன், தலையாட்டினாள். ஒரு மாதமாக முன் சீட்டில் என் பையைக்கூட வைப்பதில்லை, துடைத்து வெறுமையாகத்தான் விட்டிருக்கிறேன். இன்றைக்கும் அவள் பின்னால்தான் ஏறினாள்.