கையேந்திக் குடிக்கிற காட்சி

ஞாயிறு, தை 4

மன்னார்குடி திரைப்படக் கழகத்தில் இன்று ஓர் உருதுக் கதையை வைத்து எடுத்த இந்திப் படம். புரொஜெக்டர் என் பொறுப்பு. அம்மாவையும் கூட்டிப்போனேன். "புரியலன்னா தூங்கிடாதே" என்று வேறு சொன்னேன்.

பண்ணையார் வீட்டுக் கொல்லையில் கூலிக்காரிக்கு உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவள் கையேந்திக் குடிக்கிறாள். கதையில் இரண்டே வரியாம். படத்தில் ஐந்து நிமிடம். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அம்மா மட்டும் சத்தமாக, "முழங்கைய ஒட்டி வைக்காம குடிச்சா தண்ணி பூரா ஒழுவிடும். நடிக்கிற இவ ஒருநாளும் இப்படிக் குடிச்சதில்ல" என்றாள்.

படம் முடிந்ததும் கழகத் தலைவர் வந்தார். பேராசிரியர், எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுப் பேரன்.

"நல்லா கவனிச்சீங்கம்மா. ஒருநாள் வீட்டுக்கு வாங்க, காபி சாப்பிடலாம்."

"வர்றேன் தம்பி. கொல்லப்பக்கத்து வழி நல்லாத் தெரியும். வாசப்பக்கம்தான் தெரியாது."

நான் கேபிளைச் சுற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பைக்கில் வரும்போது, "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"அந்த வீட்டுப் பசங்களோட கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தே. அதக் கெடுப்பானேன்?"

ஆட்டம் முடிந்து அங்கே நானும் தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறேன். டம்ளரில்தான் கொடுத்தார்கள். அந்த டம்ளரை எங்கிருந்து எடுத்து வருவார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.