வெட்டிய பகிடியும் விட்டுவைத்த பகிடியும்

என் சட்டையில் இன்னும் சோளப்பொரி மணக்கிறது. யாழ்ப்பாணத்துத் திரையரங்கில் மத்தியானக் காட்சி பார்த்துவிட்டு, ஊர்காவற்றுறை பஸ்ஸில் வந்து இறங்கி, கால்கூடக் கழுவாமல் கதிரையில் இருந்து இதை உனக்கு எழுதுகிறேன். நீ போய் மூன்று வருடமாகிறது. வாசிக்கமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் இந்த ஆத்திரத்தை வேறு யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்தப் படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, சவுதியிலிருந்து வந்தவர் வீட்டு விறாந்தையில், முப்பது நாற்பது பேருக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள் வீடியோவில் பார்த்தோமே, அதே படம். மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். நானும் ஆசையாகத்தான் போனேன். உனக்குப் பிடித்த காட்சி ஒன்றுக்காகவே போனேன்.

சமைக்கத் தெரியும் என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன், தான் கருக்கிய கறியை முதலாளிக்கு முன்னால் தானே தின்று முடிக்கிற காட்சி. அதில் ஒரு சொல் பேச்சுக் கிடையாது. கண்ணில் தண்ணீர் வடிய வடிய, நல்ல ருசி என்று தலையாட்டிக்கொண்டே சோற்றுக் கோப்பையை வழித்துத் தின்பான். அதை நீ, நாங்கள் இரண்டு பேரும் மீன்பிடித்த வள்ளத்தில் எத்தனை தரம் செய்து காட்டியிருப்பாய்! நான் சமைத்த சோற்றை வாயில் வைத்துவிட்டு நீ முழிக்கிற முழியில், கரையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து பேச்சுத் திக்கிய உனக்கு, அங்கே பேச்சே தேவைப்படவில்லை. படத்தில் நடித்தவனைவிட நீ திறம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். ஒருவனுடைய முகத்தையே அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க இப்போது ஆட்களுக்குப் பொறுமை இல்லையாம், மகள் சொன்னாள். சரி, காலம் மாறிவிட்டது, வெட்டட்டும். அப்படியென்றால் மற்றதை எதற்கு விட்டுவைத்தார்கள்? படத்தின் நடுவில் ஒரு திக்குவாய்க்காரன் வருவானே, அவனிடம் பொலிஸ்காரன் பெயர் கேட்கிற காட்சி அப்படியே இருக்கிறது. முதலெழுத்தைத் தாண்டமுடியாமல் அவன் தவிப்பதும், பொலிஸ்காரன் கொட்டாவி விடுவதும், கடைசியில் கன்னத்தில் ஒன்று விழுவதும் கொஞ்சமும் குறையவில்லை. புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். பொலிஸ்காரன் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறான். இதற்காகவா இத்தனை வருடம் கழித்து இன்னொரு படம்?

அரங்கம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உன்னிடம் மறைத்து என்ன பயன்? அந்த அடி விழுந்த சத்தத்தில்தான் என் வாய் மூடியது.

"பழைய பகிடியை அப்பிடியே வைச்சிருக்கினம் அப்பா. உங்கட ஆக்களுக்காகத்தான்" என்றாள் மகள்.

எங்களுக்காகவாம். பழைய பகிடி இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று தொலைக்காட்சியில் நாலு பேர் இருந்து கதைக்கிறார்கள். காலத்தை ஏன் இழுக்கிறார்கள்? தன் பொய்யில் தானே மாட்டிக்கொண்டவனைப் பார்த்து எந்தக் காலத்திலும் சிரிக்கலாம். வாய் வராதவனுக்கு அடித்துவிட்டுச் சிரிப்பது அன்றைக்கும் அநியாயம்தான். நாங்கள் சிரித்தோம் என்பதற்காக அது நல்ல பகிடி ஆகிவிடாது.

அந்த வீடியோ வீட்டுப் படலையைத் தாண்டுமுன்னரே, படத்துத் திக்குவாய்க்காரனின் பெயரால் உன்னை முதலில் கூப்பிட்டவன் நான். நீயும் சிரித்தாய். ஒரு கிழமைக்குள் ஊருக்கே உன் பெயர் அதுவாகிவிட்டது. கோவிலில் உன் கலியாண அறிவிப்பு ஓலையைச் சுவாமியார் ஞானஸ்நானப் பெயரோடு வாசித்தபோது, எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் அது எந்த வீட்டுப் பொடியன் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பட்டத்தை நான் இங்கே எழுதமாட்டேன். நீ திக்கியதையும் எழுத்தில் காட்டமாட்டேன். படம் எடுத்தவர்கள் காட்டியது போதும்.

பிறகு சண்டைக் காலம் வந்தது. பாலத்துச் சோதனைச் சாவடியில், உன் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சீருடைக்காரன் உன்னிடம் பெயர் கேட்டான். உனக்கு வாய் வரவில்லை. அவன் சத்தம் போட்டான். நீ தொடங்குகிற வசனத்தை எல்லாம் முடித்துவைப்பது என் பழக்கம் அல்லவா, அன்றைக்கும் முந்திக்கொண்டு நான் சொன்னேன். வாயில் வந்தது அந்தப் பட்டம். அட்டையில் இருந்தது வேறு பெயர். அந்த நாட்களில் இரண்டு பெயர்க்காரனை யார் வீட்டுக்குப் போகவிட்டார்கள்? உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். பின்னேரம் வரை இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு நான் வெயிலில் நின்றேன். உள்ளே அடி விழுகிற சத்தம் வெளியே கேட்டது. வரிசையில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்றைக்கு அரங்கில் இருந்தவர்களை அந்த வரிசையில் ஒரு நாள் நிறுத்தவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அவ்வளவு கோபம். ஆனால் படம் எடுத்தவனைத் திட்டுவது எனக்கு லேசான வேலை.

உன்னை விட்ட பிறகு, சைக்கிள்களை உருட்டிக்கொண்டு பாலத்தில் நடந்தோம். உன் இடது கன்னம் வீங்கியிருந்தது. நீ ஏதோ சொல்லத் தொடங்கினாய். நான் வழக்கம்போல முடித்துவைக்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி மறித்தாய். நீயாகச் சொல்லி முடிக்கும்வரை, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"நீ பயத்திலை மாறிச் சொல்லிப்போட்டாய் எண்டுதான் ஊருக்குச் சொல்லுவன். ஆனா நீ பயத்திலை சொல்லேல்லை மச்சான், பழக்கத்திலைதான் சொன்னனீ."

சாகும்வரை ஊருக்கு அப்படித்தான் சொன்னாய். உன் மனைவிக்கும் அதுதான் தெரியும், என் மகளும் அதைத்தான் நம்புகிறாள். நீ சொன்ன இரண்டாவது வசனத்தை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.