குதி தேயாத செருப்பு

அக்கா,

நேற்று உங்கள் மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். பழையதை எறியப் போகும்போதுதான் பார்த்தேன். முன்பக்கம் ஓட்டை விழுமளவுக்குத் தேய்ந்திருக்கிறது, குதிப்பக்கம் கடையில் வாங்கிய மாதிரியே கிடக்கிறது. இவ்வளவு வளர்ந்தும் நுனிக்காலில்தான் நடக்கிறாள்.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் அக்கராயன் கிராமத்தில் பிறந்தவள். மற்றப் பிள்ளைகள் ஓடித்திரிந்த வயதில் இவள் உங்கள் இடுப்பில் இருந்தாள். கால்கள் விறைத்து, பேச்சும் வராமல் போனபோது உங்கள் மாமியார் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "வயித்தில பிள்ளையோட கிரகணத்துக்க வெளியில இறங்கினவள்தானே." அன்றைக்குக் கன்று பயிருக்குள் பாய்ந்ததும், "ஓடிப்போய்ப் பிடிச்சுக் கட்டு" என்று உங்களை அனுப்பியதே அவர்தான். அதை வசதியாக மறந்துவிட்டார். நீங்களோ அதை நம்பிவிட்டீர்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

கடைசி இடப்பெயர்வில், முல்லைத்தீவுக் கரையில் ஷெல் பட்டு என் மடியில் கிடந்தபோதும் இதையே சொன்னீர்கள். "பிள்ளையிட்டச் சொல்லிப்போடாதை, என்னாலதான் எண்டு."

போன மாதம் வவுனியாவில் டொக்டர் விளங்கப்படுத்தினார். இரத்தத்தை வெளியே மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"உடம்பில உள்ள சின்னச் சின்னக் கலத்துக்குள்ள சாமான்களை இடம்பாத்து ஏத்தி அனுப்ப நாலு புரதம் ஒண்டாச் சேரவேணும். இவவுக்கு அதில ஒண்டு பிழையா உருவாகுது. அது சேராட்டி மற்ற மூண்டும் நிலைக்காது. காலுக்குப் போறது நீளமான நரம்புகள் எண்டபடியா கால்தான் முதல்ல பாதிக்கும்."

"ஆரால வந்தது, டொக்டர்?"

"தாயிட்ட இருந்து ஒரு மரபணு, தேப்பனிட்ட இருந்து ஒண்டு. ரெண்டும் பழுதா வந்தாத்தான் இந்த வருத்தம். ஒண்டு மட்டுமெண்டால் வெளியில தெரியாது. சொந்தத்துக்க கட்டினவையோ?"

ஓம் என்றேன். அத்தானின் அம்மா எங்கள் அப்பாவின் கூடப்பிறந்த தங்கைதானே. ஒரே வீட்டு இரத்தம் இரண்டு வழியால் வந்து உங்கள் பிள்ளையில் சேர்ந்திருக்கிறது. கிரகணத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

மாமியிடம் நேரே போய்ச் சொன்னேன். "உங்கட பக்கத்தாலயும்தான் வந்திருக்கு, மாமி."

"செத்தவளைப் பற்றி இப்ப என்ன கதை?" என்றார். நீங்கள் உயிரோடு இருந்தபோது கதைத்ததற்கு ஒரு குறைவும் இருக்கவில்லை.

உங்கள் மகளுக்குப் பேச்சு வராது, சொன்னால் விளங்கும். பக்கத்தில் இருத்திச் சொன்னேன், அம்மாவில் ஒரு பிழையும் இல்லையென்று. தலையாட்டினாள்.

அவளுக்குச் சொல்லிவிட்டேன், அக்கா. கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.