தலைமாட்டுக் கயிறு

டன்லாரிக் மாளிகை, ஸ்காட்லாந்து
1754 பிப்ரவரி 6

அன்புள்ள லூடோவிக்,

நீங்கள் நலமென்று லண்டன் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டேன். நம் மேரியனுக்கு இருமல் விடவில்லை. இருமல் தணிய வைத்தியர் இரண்டு முறை ரத்தம் எடுத்தார். மூன்றாம் முறை வந்தவரிடம், "அப்பா வரட்டும், அவர்கிட்ட எடுத்துக்கோங்க" என்றாள். ஏழு வயதுக்கு நல்ல யோசனைதான். வந்துவிடுங்கள்.

உங்கள்
கிரிசல்

லண்டன்
பிப்ரவரி 17

என் கண்ணே கிரிசல்,

குழந்தையை நினைத்துத் தூக்கமில்லை. ஆனால் நிலைமையைப் புரிந்துகொள். நம் ஸ்காட்லாந்துப் பிரபுக்களில் பதினாறு பேருக்குத்தான் லண்டன் மேல்சபையில் இடம். தேர்தல் எடின்பரோவில் நடக்கும். முடிவு இங்கே அமைச்சர் வீட்டு முன்னறையில் ஆகிவிடும். தினமும் காலையில் போய் நிற்கிறேன். நேற்று என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். என் பின்னால் நின்றவர், அது தனக்குத்தான் என்கிறார். இப்போது கிளம்பினால் அந்த இடம் அவருக்கே போய்விடும். சற்றுப் பொறு.

என்றும் உன்
லூடோவிக்

டன்லாரிக்
பிப்ரவரி 27

அன்புள்ள லூடோவிக்,

உங்கள் கடிதத்தை மேரியனுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த மாமா யாருக்குத் தலையாட்டினாருன்னு அப்பா வாயத் திறந்து கேக்கலாம்ல?" என்றாள். பிறகு வெகுநேரம் இருமினாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. புறப்படுங்கள்.

கிரிசல்

லண்டன்
மார்ச் 11

என் கண்ணே,

கிடைத்துவிட்டது! பதினாறாவது பெயர் என்னுடையது. அமைச்சருக்கு நன்றி சொல்லாமல் வருவது மரியாதையாகாது. அடுத்த வாரம் கிளம்புகிறேன். மேரியனிடம் சொல்: அப்பா வாயைத் திறந்து கேட்டாராம், தலையாட்டியது அப்பாவுக்குத்தானாம்.

உன்
லூடோவிக்

டன்லாரிக்
மார்ச் 20

மதிப்பிற்குரிய பிரபு அவர்களுக்கு,

வாழ்த்துகள். இதைத் தபாலில் போடவில்லை, உங்கள் மேசைமேல் வைக்கிறேன். நீங்கள் வருவதற்குள் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். அழைக்க வர வேண்டாம்.

மேரியன் ஐந்தாம் தேதி போய்விட்டாள். செய்தியோடு அனுப்பிய ஆள் பனியில் மாட்டி, பாதி வழியில் திரும்பிவிட்டான். நான்கு நாள் உங்களுக்காக வைத்திருந்தோம்.

அடக்கத்தன்று பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுவது நம் வழக்கம். பெட்டியைக் குழியில் இறக்கும்போது தலைமாட்டுக் கயிறு தகப்பன் கைக்கு. "தகப்பனுக்குப் பதிலா யாரு?" என்று வாசலிலேயே பாதிரியார் கேட்டார். உங்கள் தம்பி முன்னால் வந்தார். அவரை விலக்கிவிட்டு நான் நடந்தேன்.

"அம்மா, பொம்பளைங்க குழிப்பக்கம் வர்றதில்லீங்களே."

"ஆம்பளைங்க லண்டன்லேருந்து வர்றதில்லீங்களே" என்றேன்.

பாதிரியார் வேதப் புத்தகத்தை மூடினார். கயிற்றைக் கொடுத்தார்.

பெட்டி கனக்கவே இல்லை. ஒரு கையால் இறக்கியிருக்கலாம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கிரிசல்