உன் அப்பாவின் கோடிப் போர்வை

அன்புள்ள மகன் லாம்பர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அந்த எல்லோரிலும் உன் அப்பாவும் சேர்த்தி, அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நீ நிதானமாக உட்கார்ந்து படிக்கலாம். அங்கே ஹொக்கைடோவில் உனக்கும் உன் பண்ணை மாடுகளுக்கும் குளிர் தாங்கும்படி இருக்கிறதா. உன் மனைவி ஜோவ்லின் கீழே லகாவே டவுனில் இருக்கும் தொலைபேசிக் கடையிலிருந்து கூப்பிட்டு, "மாமாவுக்குக் கோடிப் போர்வையைப் போத்திட்டேன்" என்று அழுத இடத்திலேயே இணைப்பு அறுந்துபோனது என்றும், பிறகு வந்த தந்தியில் அப்பா நலம் என்று மட்டும் இருந்ததென்றும், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தும் ஒன்றும் விளங்காமல் சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். யாருக்குத்தான் விளங்கும். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுதுவது உன் தங்கை ஒடீலியா, நான் ஒரு வாக்கியம் சொன்னால் அதைக் குளிப்பாட்டித் தலைவாரித்தான் தாளில் இறக்குகிறாள், அதனால் இது உன் அம்மா பேசுகிற மாதிரி இல்லையே என்று நினைத்துக்கொள்ளாதே.

அந்த வாரம் விடாமல் மழை. நம் மேல்வயலின் கல்வரப்பு சரிந்துவிட்டது. பக்கத்து வயல்காரர்கள் வெயில் வரட்டும் என்று சொல்லியும் கேட்காமல் உன் அப்பா நாள் முழுதும் நனைந்துகொண்டு கல் அடுக்கினார், வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கஷாயம் உள்ளே நிற்கவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் செருக ஆரம்பித்ததும் சுகாதார நிலையத்து நர்ஸைக் கூட்டிவர நான் கீழே ரோட்டுக்கு இறங்கினேன், ஒடீலியா பள்ளியில் இருந்தாள், வீட்டில் அவரோடு ஜோவ்லின் மட்டும்தான். அவர் "குளுருது, குளுருது" என்று பல் கிடுகிடுக்க நடுங்குகிறார். இருந்த போர்வைகளில் பாதி வியர்வையில் நனைந்தவை, மீதி துவைத்துப் போட்டுக் காயாமல் தொங்குகிறவை. பாவம் அவள் என்ன செய்வாள், மூலையில் இருக்கும் மரப்பெட்டியைத் திறந்துவிட்டாள். அடியில் மடித்து வைத்திருந்த அந்தப் போர்வையை எடுத்து, தலையிலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றிவிட்டாள்.

அது உன் அப்பாவின் சாவுக்கென்று நான் நெய்து வைத்த கோடி. எப்போது நெய்தேன் தெரியுமா, அவர் தலையில் ஒரு நரைகூட இல்லாதபோது. உன் தாத்தாவை அடக்கம் செய்ய ஊரெல்லாம் ஓடிக் கோடி தேடிய அவமானத்துக்குப் பிறகு, இனி இந்த வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்று நெய்தேன். வெள்ளையும் கருநீலப் பட்டையும், கரையில் பல்லி உருவமும் மனித உருவமும். நம் மலைப்பக்கத்துக் குழந்தைகூட அதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டு தொடாது. ஆனால் ஜோவ்லின் கீழ்நாட்டுப் பெண், அதிலும் தறிக்கார வீட்டுப் பெண். அவள் ஊரில் பெட்டியின் அடியில் இருக்கும் நல்ல போர்வை என்றால் அது கல்யாணப் போர்வை. பிறகு என்னிடம் சொன்னாள், "அத்தை, இவ்வளவு நெருக்கமா நெய்த துணிய நான் பாத்ததே இல்ல, இது உங்க கல்யாணத்துக்கு வந்ததுன்னு நெனச்சேன், மாமாவுக்கு இல்லாம வேற யாருக்கு" என்று. அவளை என்ன சொல்வது.

நானும் நர்ஸும் மேலே ஏறி வருவதற்குள் எதிர்வீட்டு இனூக்கே அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். உன் அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே, கல்யாணமானாலும் சாவானாலும் முதல் குரல் அவளுடையதாக இருக்க வேண்டும். தன் தம்பி வெள்ளையும் நீலமுமாக நீட்டிக் கிடப்பதைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்தக் குரல் கீழ்ப்படியிலேயே கேட்டது. லாம்பர்ட், நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், நர்ஸ்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்தால், செத்துப்போன பாட்டன் முப்பாட்டன் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்லி, இந்த வழியாகப் போ, அந்த ஓடையைத் தாண்டு என்று அவள் பாடிக்கொண்டிருக்கிறாள். அப்போது உன் அப்பா கண்ணைத் திறந்தார். "யாரு அக்கா செத்தது?" என்று கேட்டார். அவள் பாட்டின் வேகத்திலேயே, "நீதாண்டா தம்பி" என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "அப்புறம் எனக்கு ஏன் இப்பிடித் தாகமா இருக்கு?" என்றார். நர்ஸ் திரும்பி நின்று சிரித்ததை நான் பார்த்தேன், நான் அழுதுகொண்டே தண்ணீர்ச் செம்பை எடுக்க ஓடினேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று நர்ஸ் ஊசி போட்டாள், லகாவேயிலிருந்து மாத்திரை வாங்கிவரச் சொன்னாள். அதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். "உசுரோட இருக்கறவனுக்குக் கோடி போட்டா அது சும்மா போகாது, ஆளைக் கேக்கும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். சாயங்காலம் காய்ச்சல் திரும்ப ஏறியது. வந்தவர்கள் ஜோவ்லினைப் பார்த்த பார்வையை நான் உனக்கு எழுதப் போவதில்லை. மறுநாள் காலை அவள் மாத்திரை வாங்க ஜீப்பில் இறங்கியபோது தன் துணிப்பையையும் கையில் எடுத்துக்கொண்டாள். "மாமாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த முகத்தோட இங்க நிப்பேன் அத்த, மாத்திரைய ஜீப்காரர்கிட்ட குடுத்தனுப்பிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறேன்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் உன்னைக் கூப்பிட்டது. நான் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்பினேன்.

அவள் போன பிறகு பலித்தோக் பெரியவரை அழைத்தோம். ஜீப் ஓட்டுவதை விட்ட பிறகு சுற்று வட்டாரத்துக்கெல்லாம் பூசை செய்கிறாரே, அவர்தான். கோழி அறுத்துப் பித்தப்பையைப் பார்த்தார், நன்றாக நிறைந்து நல்ல நிறமாக இருந்தது, நல்ல சகுனம். ஆனாலும் போர்வைக்கு என்ன வழி என்று அத்தை விடவில்லை. அவர் போர்வையின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன சிக்கல் இருக்கு. இவன் வேர்வை, கஷாயம், எல்லாம் இதுல ஊறிப்போச்சு. இதைப் போத்திக்கிட்டு முன்னோர் வாசல்ல போய் நின்னா, தூங்கி எந்திரிச்சு வந்தவன் மாதிரி நிக்கிறியே, யார்ரா நீன்னு திருப்பி அனுப்பிருவாங்க. கோடி இல்லாமயும் போக முடியாது. ஆக, புதுசு நெய்து முடிக்கிற வரைக்கும் ஆளு இங்கதான்" என்றார். வீடே ஒரு மூச்சு விட்டது. அத்தைகூட வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜோவ்லின் மாத்திரையோடு திரும்பியபோது காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த நாளே உன் அப்பா அதே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வயல் நத்தைக் குழம்பு கேட்டார், கரையில் இருக்கும் பல்லிமேல் ஒழுகவிட்டுச் சாப்பிட்டார். ஊசிதான் காப்பாற்றியது, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று ஒடீலியா சொல்கிறாள், கோழிதான் என்கிறாள் அத்தை. நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டேன். பித்தப்பை பார்த்ததையும் பலித்தோக் சொன்னதையும் ஜோவ்லினிடம் சொன்னேன். அவளோ, தான் செய்ததற்கு எப்படியாவது ஈடு செய்ய வேண்டும் என்று, "கவலப்படாதீங்க அத்த, எங்க ஊர் மிதிதறில போட்டா நான் ஒரே வாரத்துல முடிச்சுக் குடுத்துடுவேன்" என்றாள். இனூக்கே அத்தை பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "ஏண்டி, என் தம்பிய அனுப்பாம ஓயமாட்டியா" என்றாள், சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பாக்குவெட்டியில் பாக்கு வெட்டிப் போடுகிறார்கள். ஜோவ்லினின் அம்மா அனுப்பிய, கண்ணைச் சுழற்றும் கட்டம் போட்ட போர்வையைப் பார்த்து, பேய் வந்தால்கூட இதில் தலை சுற்றி விழுந்துவிடும் என்று அத்தை தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறாள்.

கோடி இல்லாத வீடு என்று பேர் வாங்கக் கூடாது, அதனால் புதுப் போர்வைக்குத் தறியில் பாவு ஓட்டிவிட்டேன். தறியின் வாரை இடுப்பில் கட்டி உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, மழை நாளில் வெளிச்சம் போதவில்லை, வெயில் நாளில் வயல் வேலை இருக்கிறது. நேற்று உன் அப்பா வந்து நின்று, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன அவசரம்?" என்றேன். போய் எனக்கு வெற்றிலை மடித்துக்கொண்டு வந்தார். உன் ஒப்பந்தம் முடிந்து நீ வரும்போதும் இது தறியில்தான் இருக்கும், அதை நினைத்து நீ நிம்மதியாக வேலையைப் பார்.

கொட்டகையில் காதை மூடிக்கொள், நனைந்த காலுறையோடு தூங்காதே. ஜோவ்லினைக் கடிந்து ஒரு சொல்லும் எழுதாதே, அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. ஆண்டவரும் நம் முன்னோரும் நீ போகும் வழியெல்லாம் உன் பக்கத்தில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா

அண்ணா, இது நான் சேர்ப்பது, அம்மா சொன்னதல்ல. நெய்வதற்கு வைத்திருந்த கருநீல நூற்கண்டைக் காணோம் என்று அம்மா காலையிலிருந்து தேடுகிறாள். அது அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். நானும் அம்மாவோடு சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஒடீலியா