குலுங்காம வந்த ரத்தம்

அக்கா,

காலையில கடைக்குட்டிப் பேரனுக்கு இருமல் மருந்து ஊத்த, எங்க வீட்டுக்காரர் பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். குலுக்கிக்கிட்டே என் முகத்தைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. உங்க ஞாபகம்தான். நீங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

எம்பத்தி மூணு, ஐப்பசி. பெரம்பலூர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. என் மக பொறந்ததும் அழல, நீலம் பாரிச்சுக் கெடந்தா. டாக்டர் ஊதி ஊதித்தான் மூச்சு வந்துச்சு. மூச்சு முட்டினதுல உள்ள எவ்வளவு அடிபட்டிருக்குன்னு ரத்தத்துல பார்க்கணும்னாங்க. அங்க லேப்ல வேலை பார்த்த நீங்க குழாயில ரத்தம் எடுத்து, திருச்சியில பெரிய லேப்ல குடுக்கச் சொல்லி இவர்கிட்ட குடுத்தீங்க.

ரிப்போர்ட்டுல எண்ணு எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. என் நாத்தனார் தொட்டில் பக்கத்துல நின்னு சொன்னா: "இது தேறாது. தேறினாலும் மந்தம்தான். பால் குடுத்து ஒடம்பைக் கெடுத்துக்காத."

நீங்க மட்டும் இவரைக் கேட்டீங்க. "எப்படிங்க கொண்டு போனீங்க?"

"அடியில தங்கிடக் கூடாதுல்ல, பஸ்ல பாடாலூர் தாண்டியும் குலுக்கிட்டேதாங்க போனேன்."

கம்பவுண்டர் குலுக்கிக் குடிக்கச் சொல்லிக் குடுக்குற கலர் மருந்துன்னு நெனச்சுட்டார் மனுஷன்.

நீங்க தலையில அடிச்சுக்கிட்டீங்க. "குலுக்கினா செவப்பணு ஒடைஞ்சு அதுக்குள்ள இருக்குற என்சைம் வெளியில வந்துடும்மா. உள்ள அடிபட்டா ரத்தத்துல ஏறுறதும் அதேதான். எண்ணு ஏறினது பிள்ளையாலயா, இவர் கையாலயான்னு யாருக்குத் தெரியும்? மறுபடி எடுக்கணும்."

அந்தப் பிஞ்சுக் கையில ரெண்டாந்தடவை குத்தினப்ப உங்களைக் கண்டபடி திட்டினேன். குழாயைத் துணியில சுத்தி, நெஞ்சோட அணைச்சு, நீங்களே பஸ் ஏறினீங்க. பள்ளம் வந்தப்பல்லாம் டிரைவரை அதட்டினீங்களாம். திரும்பி வந்து சொன்னீங்க: "கொஞ்சந்தான் ஏறியிருக்கு. எண்ணை விடு, பிள்ளை பால் குடிக்கிறதைப் பாரு."

குடிச்சா. இப்ப குன்னத்துல வெங்காய யாவாரம் பண்றா. அவகிட்ட விலை பேசி ஜெயிச்சவன் கிடையாது. நாத்தனார் பேத்தி கல்யாணத்துக்குப் போனேன், அட்சதை போட்டேன், கை மட்டும் நனைக்கல. தொட்டில் பக்கத்துல அவ சொன்ன வார்த்தை இன்னும் தொண்டையிலேயே நிக்குது.

இந்தப் பேரன் அரியலூர்ல பொறந்தப்ப நர்ஸ் ரத்தம் எடுத்துட்டு, "யாராவது பக்கத்து லேப்ல குடுத்துட்டு வாங்க"ன்னாங்க. இவர் கையை நீட்டினார். நான் வாங்கி, முந்தானையில சுத்தி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மெதுவா நடந்தேன். இவர் பின்னாலயே வந்தார், ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு.